வேலைக்குப் போன உடனே உதவியை நிறுத்தாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, அரசாங்கம் மாசாமாசம் காசு குடுத்துக் குடுத்து சனங்க சோம்பேறி ஆயிட்டாங்க, சென்னையில வேலைக்கு ஆள் கெடைக்க மாட்டேங்குதுன்னு. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. நான் கண்ணகி நகர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஜெராக்ஸ்னு பேருதானே தவிர முக்கால்வாசி வேலை ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுக் குடுக்குறதுதான், வருமானச் சான்று, ரேஷன் கார்டு திருத்தம், காப்பீட்டு அட்டை, வேலைவாய்ப்பு ஆபீஸ் பதிவு புதுப்பிக்கிறது, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பேர் திருத்தம் இப்படி. இந்த ஏரியா சனங்களோட சம்பளம், கடன், மருந்துச் சீட்டு எல்லாமே என் கை வழியாத்தான் போகுது. அதனால சொல்றேன், வேலைக்கே போக மாட்டேன்னு சொல்ற ஆளை நான் பாத்தது ரொம்ப ரொம்பக் கம்மி. வேலைக்குப் போனா இருக்கிறதும் போயிடுமோன்னு பயந்து நிக்கிறவங்களத்தான் தினமும் பாக்குறேன், அந்தப் பயத்துல நியாயம் இருக்கு, அதைத்தான் எழுத வந்தேன்.

முதல்ல வேலையில்லாதவங்களுக்குன்னே நம்ம மாநிலத்துல ஒரு உதவித்தொகை இருக்கே, அதை எடுத்துக்கோங்க. பத்தாவது ஃபெயில்னா மாசம் 200, பாஸ்னா 300, பன்னெண்டாவதுன்னா 400, டிகிரின்னா 600 ரூபா. வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், வயசு 40க்குள்ள இருக்கணும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 45, மொத்தமா மூணு வருஷம்தான் வரும். இதெல்லாம் கூட போகட்டும். குடும்பத்தோட ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல இருக்கக் கூடாதாம். மாசம் 6,000. 26 நாள் வேலைன்னு வச்சா நாளுக்கு 230 ரூபா. சென்னையில எந்தக் குடும்பம் சார் ஒரு நாளைக்கு 230 ரூபாயில ஓடுது? கட்டட வேலைக்குப் போற சித்தாள் கூலியே அதுக்கு மேல, மயிலாப்பூர்ல ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்க்கிற அம்மாவோட சம்பளமே அதைத் தாண்டிடும். டிகிரி முடிச்ச பையன் வேலை இல்லாம உக்காந்திருக்கான், அவங்க அம்மா வீட்டு வேலைக்குப் போறதால அவனுக்கு அந்த 600 கெடையாது. சரி அவன் சும்மா இருக்க வேணாம்னு பைக்கை எடுத்துக்கிட்டு சாப்பாடு டெலிவரிக்குப் போனான்னா அதோட அவன் "வேலையில் இல்லாதவர்" கணக்குல இருந்தும் வெளிய போயிடுறான், பெட்ரோல் போக அவன் கையில என்ன நிக்குதுன்னு யாரும் கேக்குறதில்ல. அந்த வேலை ரெண்டு மாசத்துல விட்டுப் போச்சுன்னா திரும்ப முதல்ல இருந்து ஓடணும்.

எனக்கு இதுல ரொம்ப வலிக்கிறது தொகை கம்மியா இருக்கிறது கூட இல்ல. வருமான உச்சவரம்பு ஒரு கோடு மாதிரி இருக்கு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தா முழுசா கெடைக்கும், ஒரு ரூபா தாண்டினா ஒண்ணுமே கெடையாது. நடுவுல எதுவும் இல்ல. மகளிர் உரிமைத்தொகையையே பாருங்க, 2023 செப்டம்பர் 15ல காஞ்சிபுரத்துல ஆரம்பிச்சது, ஆரம்பத்துலயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்குப் போச்சு, எங்க ஏரியாவுல மாசாமாசம் வர்ற அந்த 1,000 ரூபா எவ்வளவு பெரிய தெம்புன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, புருஷன் கையை எதிர்பாக்காம ஒரு பொம்பளை தன் பேர்ல பேங்க்ல இருந்து எடுக்குற காசு. திட்டத்தைக் குறை சொல்ல நான் வரல. ஆனா கணக்கைப் பாருங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். புருஷன் வாட்ச்மேன் வேலையில 11,000 வாங்குறாரு, சம்சாரம் ஓ.எம்.ஆர். ரோட்டுல இருக்கிற ஐ.டி. கம்பெனில ஹவுஸ்கீப்பிங் போனா 10,000 தர்றாங்க, ரெண்டும் சேர்ந்து 21,000, வருஷத்துக்கு 2,52,000. வரம்பைத் தாண்டினது 2,000 ரூபா, விதிப்படி போனா இழக்கிறது 12,000 ரூபா. ஆனா அந்த ஹவுஸ்கீப்பிங் வேலை நிரந்தரமா? கான்ட்ராக்ட் மாறினா அடுத்த மாசமே வேணாம்னு சொல்லிடுவாங்க, அது அவங்களுக்கு நல்லாத் தெரியும், உரிமைத்தொகை ஒரு தடவை நின்னா திரும்ப எப்ப வரும்னு மட்டும் தெரியாது.

இதனால என்ன நடக்குதுன்னா, கடைக்கு வர்ற பொண்ணுங்க என்கிட்ட மெதுவா கேக்குறாங்க, "அக்கா, கம்பெனில பி.எஃப். புடிச்சா கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சு காசை நிறுத்திடுவாங்களாமே, பி.எஃப். வேணாம் கையில குடுத்துடுங்கன்னு சொல்லிடவா?" கான்ட்ராக்டருக்கு இதை விட சந்தோஷம் வேற என்ன வேணும், அவன் கட்ட வேண்டிய பங்கு மிச்சம், இ.எஸ்.ஐ.ங்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு 3.25 சதவீதம், பி.எஃப். 12 சதவீதம் ரெண்டும் மிச்சம், இவங்களாவே வேணாம்னு சொல்றாங்க, அவனுக்கு என்ன. ஆனா இந்தப் பொண்ணு எதையெல்லாம் விட்டுட்டு வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. ரெகார்டுல அவ வேலைக்குப் போனதே இல்ல. புள்ள பெத்தா சட்டப்படி வர வேண்டிய 26 வாரம் சம்பளம் கெடையாது, வேலையில கை மாட்டினா நஷ்டஈடு கெடையாது, பத்து வருஷம் கழிச்சு பென்ஷன் கணக்குன்னு ஒண்ணு இருக்காது. மாசம் 1,000 ரூபாயைக் காப்பாத்திக்க வாழ்நாள் பாதுகாப்பையே விடுறாங்க, அப்படி விட வைக்கிறது அவங்களோட அறியாமை மட்டும் இல்ல, ஒரே அடியா வெட்டுற அந்தக் கோடுதான்.

இன்னொரு கூட்டம் இருக்கு, 21,000 ரூபாயைப் பாத்துப் பயப்படுறவங்க. இ.எஸ்.ஐ.க்கு சம்பள வரம்பு 2017 ஜனவரில 15,000ல இருந்து 21,000 ஆச்சு. அதுக்கு அப்புறம் விலைவாசி எங்கயோ போயிடுச்சு, வரம்பு வருஷக்கணக்கா அங்கயே நின்னுச்சு. அம்பத்தூர்ல ஒரு லேத் பட்டறையில மெஷின் ஓட்டுற அண்ணன் ஒருத்தர், அவரோட அம்மாவுக்கு கிட்னி பிரச்சினை, இ.எஸ்.ஐ.லதான் வைத்தியம் பாக்குறாங்க. சம்பளம் 20,800. இன்க்ரிமென்ட் 500 ரூபான்னு லெட்டர் வந்ததும் மனுஷன் என் கடையில வந்து உக்காந்து, இதை வேணாம்னு சொல்ல ஒரு லெட்டர் டைப் பண்ணிக் குடும்மான்னு கேட்டாரு. ஒரு தொழிலாளி தன் சம்பள உயர்வை வேணாம்னு எழுதித் தர்றாரு! ஓவர்டைம் காசு அந்த வரம்புக் கணக்குல வராதுங்கிறதால, அடிப்படையில ஏத்தாதீங்க, ஓவர்டைமா வேணா குடுங்கன்னு கேக்குறாரு. 21,300 சம்பளத்துல இ.எஸ்.ஐ. போயிட்டா முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் போகலாமேன்னு நெனைப்பீங்க, அது அஞ்சு லட்சம் வரைக்கும் பாக்குற நல்ல திட்டம்தான், ஆனா அதுக்குக் குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000, அதாவது மாசம் 10,000. அப்ப 10,000க்கு மேல சம்பாதிச்சு இ.எஸ்.ஐ. இல்லாதவனும், 21,000ஐத் தாண்டினவனும் ஆஸ்பத்திரி செலவுக்கு எங்க போவான்? தனியார் இன்ஷூரன்ஸ்ல ஏற்கனவே வியாதி இருக்கிற வயசான அம்மாவைச் சேர்க்கப் போனா என்ன பிரீமியம் சொல்றாங்கன்னு கேட்டுப் பாருங்க.

இதுல ஒண்ணு கவனிக்கணும். இ.எஸ்.ஐ. சட்டத்துலயே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. சம்பளம் நடுவுல வரம்பைத் தாண்டிட்டா அன்னைக்கே வெளிய தள்ள மாட்டாங்க, ஏப்ரல் டு செப்டம்பர், அக்டோபர் டு மார்ச்னு ரெண்டு அரையாண்டு வச்சிருக்காங்க, அந்த அரையாண்டு முடியிற வரைக்கும் பணம் புடிப்பாங்க, அந்தப் பணத்துக்கான வைத்திய வசதி அதுக்கு அப்புறமும் பல மாசம் ஓடும். அந்த அண்ணனுக்கு இதைச் சொன்னதும்தான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. ஆக, வரம்பைத் தாண்டினாலும் கொஞ்ச நாள் உதவியைத் தொடரலாம்னு நம்ம நாட்டுச் சட்டத்துலயே எப்பவோ ஏத்துக்கிட்டாங்க. அதே மனசு மத்த திட்டத்துல ஏன் இல்லைன்னுதான் கேக்குறேன்.

வேலை போனவங்களுக்கு இ.எஸ்.ஐ.ல இன்னொண்ணும் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனான்னு 2018ல கொண்டு வந்தாங்க, வேலை போனா சராசரி சம்பளத்துல பாதி, அதிகபட்சம் 90 நாளைக்கு. ஆரம்பத்துல கால்வாசிதான் இருந்துச்சு, கொரோனா சமயம் பாதியா ஏத்தினாங்க. ரெண்டு வருஷமாவது இன்ஷூரன்ஸ்ல இருந்திருக்கணும், 78 நாளாவது பணம் கட்டியிருக்கணும். வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான். ஒரு தடவை! நோக்கியா கம்பெனி 2014ல ஸ்ரீபெரும்புதூர்ல மூடுச்சு, மறைமலை நகர்ல ஃபோர்டு 2022ல மூடுச்சு, ஆயிரக்கணக்கான சனம் தெருவுக்கு வந்துச்சு, அந்த மாதிரி ஒரு கம்பெனி மூடி இன்னொண்ணுல சேர்ந்து அதுவும் மூடிப் போன ஆளுங்க இங்க நெறைய. ஒரு மனுஷனுக்கு ஆயுசுல ஒரு தடவைதான் வேலை போகும்னு யாரு முடிவு பண்ணாங்க?

சரி, எல்லாத்தையும் விட்டுட்டு வேலைக்கே போயிடலாம்னு கெளம்பினாலும் அது அவ்வளவு சுலபமா இல்ல. எங்க ஏரியா சனங்க 2000ல இருந்து கூவம் ஓரம், சிட்டிக்கு நடுவுல இருந்து இங்க கொண்டு வந்து விடப்பட்டவங்க. அங்க நடந்து போற தூரத்துல வேலை இருந்துச்சு, இங்க வந்ததும் பாதிப் பேருக்கு வேலை விட்டுப் போச்சு. பக்கத்துலயே ஓ.எம்.ஆர். பூரா கண்ணாடி பில்டிங், ஆனா அட்ரஸ்ல கண்ணகி நகர்னு இருந்தா இன்டர்வியூல முகம் மாறுது, இது நான் கேள்விப்பட்டு சொல்றது இல்ல, தரமணி அட்ரஸ் ப்ரூஃப் கெடைக்குமான்னு புள்ளைங்க என்கிட்ட வந்து கேக்குறாங்க. அப்புறம் 35 வயசுக்கு மேல வேணாம்கிறது, நாலு வருஷம் ஏன் கேப்னு கேக்குறது. புள்ள பெத்து வளத்தா கேப் வராதா? ஆதார்ல ஒரு பேரு, பழைய கம்பெனி பி.எஃப்.ல இன்னொரு ஸ்பெல்லிங்கு, அதைச் சரி பண்ணாம புதுக் கம்பெனில சேர முடியாது, பழைய கம்பெனி போனே எடுக்காது. செக்யூரிட்டி வேலைன்னா யூனிஃபார்ம், ஷூவுக்குன்னு முதல் சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. அதுவும் முதல் சம்பளம் எப்ப வரும்? இந்த மாசம் சேர்ந்தா அடுத்த மாசம் பத்தாம் தேதி, அது வரைக்கும் ஷேர் ஆட்டோ, மதிய சாப்பாடு, போனுக்கு ரீசார்ஜ் எல்லாம் கைக்காசு, அது இல்லாதவங்க வட்டிக்குத்தான் வாங்குறாங்க. வேலைக்குப் போற முதல் மாசந்தான் ஒரு குடும்பத்துக்குச் செலவு அதிகமான மாசம், இது ஆபீஸ்ல உக்காந்து விதி எழுதுறவங்களுக்குத் தெரியுமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. அந்த நேரம் பாத்து உதவியை நிறுத்துறது, ஒரு கால் கரையில ஒரு கால் படகுலன்னு ஏறிட்டு இருக்கிறவங்க கிட்ட இருந்து படகை இழுத்துக்குற மாதிரி.

புள்ளைங்க விஷயம் தனிக் கதை. அங்கன்வாடி சாயங்காலம் சீக்கிரமே முடிஞ்சிடும், ஷிப்ட் முடியறது ராத்திரி எட்டு மணி. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல குழந்தைக் காப்பகம் வைக்கணும்னு 2017ல சட்டத் திருத்தம் வந்துச்சு, ஆனா கான்ட்ராக்ட் ஆளுங்களோட புள்ளைங்களை அதுல சேத்துக்குற கம்பெனியை எங்க சனங்க யாரும் இது வரைக்கும் எனக்குச் சொல்லல.

வரம்பே இல்லாத திட்டங்கள் எப்படி வேலை செய்யுதுன்னும் பாருங்க. 2021 மே மாசம் சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு வந்துச்சு. யாரும் வருமானச் சான்று கேக்கல. வேலை இருந்தாலும் ஏறலாம், இல்லாட்டியும் ஏறலாம், சம்பளம் ஏறினாலும் எறக்கி விட மாட்டாங்க. அதனாலதான் இங்க இருந்து மந்தைவெளி, அடையாறுன்னு பழைய வேலைக்கே நெறைய பொம்பளைங்க திரும்பப் போனாங்க, என் கண்ணால பாத்தேன். காலை உணவுத் திட்டமும் அப்படித்தான், புள்ளைக்கு ஸ்கூல்லயே சாப்பாடுன்னதும் அம்மா ஏழு மணி பஸ்ஸைப் புடிக்க முடியுது. ரேஷன்ல வறுமைக் கோட்டைப் பாக்காம அரிசி தர்றது நம்ம மாநிலம் ரொம்ப காலமா காப்பாத்திட்டு வர்ற விஷயம். இந்த உதவியெல்லாம் யாரையும் சோம்பேறி ஆக்கல, வேலைக்குப் போக வச்சிருக்கு. அந்த வாசகர் தயவு பண்ணி இதை யோசிக்கணும்.

எல்லாத் திட்டத்துக்கும் வரம்பே வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் விவரம் தெரியாதவ இல்ல, காசு எல்லையில்லாம வராதுன்னு எனக்கும் புரியுது. எங்க பெரியப்பா பையன் லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கான், அவன் சொல்லித்தான் இது தெரியும், அங்க 2013ல ஆரம்பிச்ச யுனிவர்சல் கிரெடிட்னு ஒரு முறை இருக்கு, வேலைக்குப் போய் சம்பாதிச்சா உதவி அப்படியே நின்னுடாது, கூடுதலா சம்பாதிக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவி குறையும். முன்னாடி 63 பென்ஸ் குறைஞ்சுதாம், 2021 கடைசியில 55 ஆக்கினாங்க. அங்கயும் மொத்த உதவிக்கு உச்சவரம்பு இருக்கு, அதனால கஷ்டப்படுற குடும்பமும் இருக்குன்னு அவனே சொல்றான். ஆனா சம்பாதிச்சா கையில கொஞ்சமாவது கூட நிக்கணும்ங்கிற எண்ணத்தோட கணக்கு போட்டிருக்காங்க. நம்ம ஊர்ல மாசம் 1,000 ரூபாயைப் பென்ஸ் கணக்குல குறைக்க முடியாது, வாஸ்தவம்தான், ஆனா சம்பளம் பதிவான நாள்ல இருந்து ஆறு மாசத்துக்கு எந்த உதவியையும் நிறுத்தக் கூடாதுன்னு ஒரு ஆணை போட முடியும். ஆறு மாசம் கழிச்சும் வேலை நிலைச்சா அப்ப பாதியாக் குறைங்க, ஒரு வருஷம் நிலைச்சா நிறுத்துங்க, நடுவுல வேலை போயிட்டா புது விண்ணப்பம் கேக்காம பழையபடி தொடருங்க. அறுபது ரூபா கட்டி வருமானச் சான்று போட்டு, வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) எப்ப வருவாரு, நின்ன காசு திரும்ப வருமான்னு அலையிற அலைச்சல் இல்லாம இருந்தாலே பாதிப் பேரு தைரியமா வேலைக்குப் போவாங்க.

அந்த வரம்பையும் வருஷா வருஷம் ஏத்துங்க. அரசு ஊழியருக்கு விலைவாசியைப் பாத்து வருஷத்துக்கு ரெண்டு தடவை அகவிலைப்படி அறிவிக்கிறாங்க, அது நியாயம், அவங்க குடும்பமும் அரிசி பருப்பு வாங்கித்தானே ஆகணும். அதே விலைவாசி 72,000 ரூபாய்க் குடும்பத்துக்கும் பொருந்தும்தானே? முதியோர் பென்ஷன்ல மத்திய அரசு பங்கு 60 வயசுல இருந்து 79 வரைக்கும் மாசம் 200 ரூபான்னு எத்தனையோ வருஷமா அப்படியே கெடக்கு, மாநிலம்தான் மேல போட்டு 2023ல 1,200 ஆக்குச்சு. விதியை மாத்தவே முடியாதுன்னு யாரும் சொல்ல வேணாம். உரிமைத்தொகையில வீட்டுல முதியோர் பென்ஷன் வாங்குறவங்க இருந்தா மத்த பெண்களுக்குக் கெடையாதுன்னுதான் முதல்ல இருந்துச்சு, சனங்க கேட்டாங்க, 2023 ஆகஸ்ட்ல தளர்த்தினாங்க. கேட்டா மாத்துவாங்கங்கிற நம்பிக்கையிலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் சார். ஒவ்வொரு திட்டத்துக்கும் என்ன வரம்பு, எதனால நிக்கும், எதனால நிக்காதுன்னு உங்க பேப்பர்ல பெரிய எழுத்துல ஒரு பக்கம் போடுங்க. பி.எஃப். புடிக்கிற ஒரே காரணத்துக்காக உரிமைத்தொகை நிக்காது, சம்பள விஷயத்துல விதி பாக்குறது குடும்ப வருமானத்தைத்தான், இந்த ஒரு வரியைக் கூட எங்க பொண்ணுங்களுக்கு யாரும் சொன்னதில்ல. நான் சொன்னா ஜெராக்ஸ் கடைக்காரி என்ன சொல்றதுன்னு நெனைக்கிறாங்க, பேப்பர்ல வந்தா நம்புவாங்க. நீங்க போட்டீங்கன்னா அதைப் பெருசாக் காப்பி எடுத்து கடை வாசல்ல ஒட்டிடுறேன், கையில சம்பளம் குடுத்துடுங்கன்னு கான்ட்ராக்டர் கிட்ட சொல்லப் போறதுக்கு முன்னாடி நாலு பேரு நின்னு படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்ணகி நகர், சென்னை